கணக்கில் வராத இரண்டு வருடம்

சிங்கவரம், செஞ்சி
9.6.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜோதி எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். போன மாதம் உனக்கு இருந்த இருமல் விட்டதா? வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்களா?

போனில் நமக்குக் கொடுக்கும் நேரம் முழுவதையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் பாதி அழுகை. அதனால்தான் கடிதம். இதைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் தரும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம்.

பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்துவிட்டது. நான் சட்டம் படிக்கப் போகிறேன். சிரிக்காதே. உன் வழக்கு நடந்தபோது விழுப்புரம் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் நான்தானே உட்கார்ந்திருந்தேன். ஏரி மதகில் அரிகிருஷ்ணனும் நம் சித்தப்பாவும் தண்ணீருக்காகக் கட்டிப் புரண்டபோது நீ விலக்கிவிடத்தான் போனாய். அரிகிருஷ்ணன் மதகுக் கல்லில் விழுந்து செத்தது எப்படி என்று சாட்சிகளிடம் நம் வக்கீல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்விகளை நான் கேட்டிருப்பேன் அண்ணா. பேருந்தில் வரும்போது மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது கல்லூரியில் நாம் தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் கொடுத்து, வங்கியில் பணம் போடுவதுபோல நம் பெயரில் சேர்த்து வைக்கிறார்கள். ஓரிடத்தில் சேர்த்ததை இன்னோரிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். ஐந்து வருடச் சட்டப் படிப்பிலும் முதல் இரண்டு வருடம் தமிழ், இங்கிலீஷ், வரலாறுதான் நிறைய. அதை நான் படித்து முடித்துவிட்டேனே! அதைக் கழித்துக்கொண்டால் நேரே மூன்றாம் வருடம். ஐகோர்ட்டில் உன் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் எனக்குப் பாதிச் சட்டமாவது தெரிந்திருக்கும். நம் வக்கீல் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
தங்கச்சி அருள்ஜோதி


மத்திய சிறை, கடலூர்
28.6.2024

அன்புள்ள ஜோதிக்கு,

அண்ணன் வின்சென்ட். இருமல் போய்விட்டது. நைனாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மல்லாட்டை விதைத்தாயிற்றா? கடலை விதை விலை ஏறியிருக்குமே. அவர் என் கடிதத்தைப் படிப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் நான் கேட்டேன் என்று சொல்.

உன் கடிதத்தை நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து அறையில் பீமாராவ் என்று ஒரு பெரியவர். "ஒன் தங்கச்சி வக்கீலானா மொதல்ல என் கேச எடுக்கச் சொல்லுப்பா" என்று இப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டார்.

தீர்ப்பு வருவதற்கு முன் நான் உள்ளே கிடந்த இரண்டு வருடத்தை என் பத்து வருடத் தண்டனையில் கழித்துக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஜெயிலே கழித்துக்கொள்ளும்போது காலேஜ் கழித்துக்கொள்ளாதா? போய்க் கேள். ஆனால் கேட்டு வரும்வரை பி.ஏ. வகுப்பை விடாதே.

அம்மாவை அழவிடாமல் பார்த்துக்கொள்.
வின்சென்ட்


சிங்கவரம்
19.7.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே மழை பெய்து மல்லாட்டை நன்றாக முளைத்திருக்கிறது. நைனா விடிந்தால் கொல்லையில்தான். நீ கேட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

மூன்றாம் வருட வகுப்பு ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் சட்டக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனுஷன்தான். என் மார்க் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"ஹிஸ்டரியாம்மா? நல்லா வாங்கிக்கிற. ஆனா லா கோர்ஸ்ல நடுவுல ஏறவும் முடியாது, நடுவுல எறங்கவும் முடியாது. ரூல் அப்டி."

"கிரெடிட் என் பேர்ல இருக்குதே சார்?"

"இருக்கட்டும்மா. அத வச்சிக்கினு வேற பி.ஏ.வுக்குப் போலாம். இங்க எடுக்க மாட்டாங்க. ஒண்ணு, மொத வருஷத்துல சேரு. இல்லன்னா டிகிரிய முடிச்சிட்டு மூணு வருஷ கோர்ஸுக்கு வா."

முதல் வருடத்துக்கு என் பிளஸ் டூ மார்க் எட்டாது. பி.ஏ.வை முடித்துவிட்டு மூன்று வருடம் என்றால் இன்னும் நான்கு வருடம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? ஜெயக்கொடி அக்கா. அரிகிருஷ்ணன் பெண்டாட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். வேறு சீட் இல்லை. என் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்து, "எங்க போய்ட்டு வர?" என்றார். சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, "வக்கீலாயி இன்னா சொல்லுவ? எம் புருசன் தானா வுழுந்து செத்துட்டான்னா?" என்றார்.

நான் ஃபைலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

"சாப்ட்டியா, தூங்கினியான்னு ஒங்கண்ணனப் போய்க் கேக்க ஒனக்கு ஒரு எடம் இருக்குது. நான் எங்க போய்க் கேக்கறது?"

செஞ்சியில் இறங்கும்போது மேலே வைத்திருந்த என் பையை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் நீ தள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். அதை ஒருவராவது கோர்ட்டில் சொல்ல வேண்டாமா?

அப்பீல் பற்றி ஏதாவது தகவல் உண்டா?

அன்புடன்,
ஜோதி


கடலூர்
30.8.2024

அன்புள்ள ஜோதிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் ஜுரம். இப்போது பரவாயில்லை. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

ஜெயக்கொடி அக்காவை இனிமேல் பார்த்தால் ஒன்றும் பேசாதே. அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அந்த அலுவலகக்காரர் சொன்னதுதான் சரியான வழி. பி.ஏ.வை முடி. உனக்கு வரலாறு பிடிக்கும். சின்ன வயதில் ராஜகிரிக் கோட்டை மேலே ஏறி எந்த ராஜா எந்தப் பக்கம் வந்தான் என்று எங்களை உட்கார வைத்துக் கதை சொல்லுவாயே. அதையே படி. டீச்சராகப் போ. எனக்காகப் படிக்காதே, உனக்காகப் படி. கோர்ட், கேஸ் எல்லாம் எப்போதும் இருக்கிறதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தவறாமல் கொடு.
வின்சென்ட்


சிங்கவரம்
8.9.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜுரம் என்று எழுதியிருந்தாய். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். இப்போது முழுதாகச் சரியாகிவிட்டதா?

ஒரு நல்ல செய்தி. வேலூர் தாண்டி, ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் சட்டக் கல்லூரி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போன் செய்து பேசினேன், நைனாவோடு நேரிலும் போய் வந்தேன். பெரிய கட்டடம். பி.ஏ. இரண்டு வருடத்தின் கிரெடிட்டை முழுதாக எடுத்துக்கொண்டு நேரே மூன்றாம் வருடத்தில் உட்கார வைக்கிறார்களாம். என்னைப்போல இன்னும் நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

"விழுப்புரத்துல முடியாதுன்னு சொன்னாங்களே சார்" என்று கேட்டேன். "அது பழைய ரூல்மா. இப்ப எல்லாம் மாறிடுச்சு. எங்களுக்குத் தனி பர்மிஷன்" என்றார் அங்கே அட்மிஷன் பார்ப்பவர்.

இந்த மாதக் கடைசிக்குள் டி.சி.யும் மார்க் பட்டியலும் கொடுக்க வேண்டும். அதற்குள் உன்னை ஒன்று கேட்க வேண்டும். அப்பீல் எந்த நிலையில் இருக்கிறது? வக்கீல் என் போனை எடுப்பதே இல்லை. நீ போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. விசாரணை சீக்கிரம் வரும் என்றால் நான் இதில் சேர்ந்துவிடுவேன். இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை என்றால் பி.ஏ.வை முடித்துவிட்டு நிதானமாகப் போகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

உடனே எழுது அண்ணா.
ஜோதி


கடலூர்
25.9.2024

அன்புள்ள ஜோதிக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். இங்கே என்னை பேக்கரி வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். ரொட்டி சுடுகிறேன். நன்றாகவே வருகிறது.

நீ அவ்வளவு தூரம் போய்ப் பார்த்து வந்திருக்கிறாய். நைனாவும் கூட வந்தார் என்று படித்ததும் அதைப் பீமாராவ் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் விஷயமாக ஓர் அடி எடுத்து வைத்து எத்தனை காலம் ஆகிறது.

அப்பீலை நினைத்து நீ குழம்பாதே. அது அதுபாட்டுக்கு இருக்கட்டும். உனக்குச் சரி என்று படுவதைச் செய். நீ கறுப்புக் கோட்டுப் போட்டுப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

வின்சென்ட்


பெண்கள் விடுதி, மூன்றாம் வருடம் பி.ஏ. எல்.எல்.பி.
10.11.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்தாயா? வேண்டுமென்றேதான் வருடத்தையும் சேர்த்து எழுதினேன்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டில் காரம் கண்ணைப் பிடுங்குகிறது, அது ஒன்றுதான் குறை. டி.சி. வாங்கப் போன அன்று எங்கள் வரலாற்றுத் துறை மேடம், "இன்னும் ஒரு வருஷந்தானேம்மா, முடிச்சிட்டுப் போயேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் உன் விஷயத்தைச் சொல்லவில்லை. அவசரம் மேடம் என்று மட்டும் சொன்னேன்.

குற்றவியல் வகுப்புதான் எனக்கு உயிர். ஜூலையிலிருந்து புதுச் சட்டம் வந்து எண் எல்லாம் மாறிவிட்டது. உனக்குத் தண்டனை கொடுத்த 304, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், இப்போது 105. ஆனால் உன் வழக்கு பழையது என்பதால் பழைய எண்ணில்தான் நடக்கும். அதில் இரண்டு பிரிவு இருக்கிறது அண்ணா! சாகடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஒன்று. அந்த எண்ணம் இல்லாமல், சாவு நேரலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் இன்னொன்று. அதில் தண்டனை குறைவாகவும் கொடுக்கலாம். உன்னை முதலாவதில் போட்டிருக்கிறார்கள். உன் கையில் தடிகூட இல்லை. அரிகிருஷ்ணனோடு உனக்கு முன்பகை இல்லை. நீ தள்ளியதாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டாவதில்தானே வர வேண்டும்? வகுப்பில் எழுந்து, யாருடைய வழக்கு என்று சொல்லாமல் கேட்டேன். "நல்ல பாயின்ட், இத அப்பீல்ல எடுக்கணும்" என்றார் சார்.

அப்பீலில் எடுக்க வேண்டும், அண்ணா. இதை அப்படியே எழுதி வக்கீலுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகிறது.

உன் ஜோதி


கடலூர்
15.12.2024

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுதியிருப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. கோர்ட்டில் யாரும் எனக்கு இவ்வளவு விளங்கும்படி சொன்னதில்லை.

பீமாராவ் பெரியவர் ஒரு சந்தேகம் கேட்கிறார். அவருக்கு இரண்டு வழக்கில் தண்டனை. இரண்டையும் ஒன்றாக அனுபவிப்பதா, ஒன்றுக்குப் பின் ஒன்றா? உன் சாரிடம் கேட்டு எழுது. இன்னும் மூன்று பேர் கேள்வி வைத்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

என் விஷயத்துக்காக நீ சாரிடம் போய் நிற்க வேண்டாம். வக்கீலுக்கும் இனி எழுத வேண்டாம். பாடத்தைப் படி.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவாய் அல்லவா? அம்மா செய்யும் அதிரசத்தை எனக்கும் சேர்த்துச் சாப்பிடு.

வின்சென்ட்


சிங்கவரம்
20.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? நான் சுகம்.

ரொம்ப நாளாக எழுதாததற்குக் கோபிக்காதே. படிப்பு அதிகம். இப்போது லீவு விட்டிருக்கிறார்கள், ஊரில் இருக்கிறேன். பெரியவருடைய சந்தேகத்தைக் கேட்க முடியவில்லை. சார் மாற்றலாகிப் போய்விட்டார்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

ஜோதி


சிங்கவரம்
3.8.2025

வின்சென்ட்டுக்கு நைனா பால்சாமி எழுதிக்கறது.

எனக்கு ஒனக்கு எழுதிப் பழக்கம் இல்ல. எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஒடம்பு எப்டி இருக்குது? ஒங்கம்மா கேக்கச் சொன்னா.

நீ எழுதன ரெண்டு கடுதாசியும் மாடத்துலயே கெடக்குது. ஜோதி பிரிக்கல. அவ சொல்ல மாட்டா, அதான் நான் சொல்றேன். அந்த லா காலேஜ்ல அவள வச்சிக்கல. மாசி மாசத்துலயே அனுப்பிட்டாங்க. மேல இருந்து ஆளுங்க வந்து பாத்தாங்களாம். நடுவுல சேத்தது செல்லாதுன்னு நாப்பது பேருக்கு மேல பேர அடிச்சிட்டாங்க. பரீட்சையே எழுத வுடல. நான் போய்ச் சண்ட போட்டேன். அந்த ஆபீஸ் ரூமு பூட்டிக் கெடக்குது.

பழைய காலேஜுக்குக் கூட்டிம்போனேன். "இப்ப எடம் இல்லைங்க, சிலபஸ் வேற மாறிடுச்சி, யூனிவர்சிட்டில எழுதிக் குடுங்க பாக்கலாம்"னாங்க. எழுதிக் குடுத்தோம். ஒண்ணும் வரல. அவளும் அதுக்கப்புறம் கேக்கல. செஞ்சில ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போறா.

இன்னொரு சேதி. போன மாசம் அவளே தனியா மெட்ராஸ் போயி அந்த வக்கீலப் புடிச்சிட்டா. ஒன் அப்பீலு தள்ளுபடி ஆயி வருஷம் ஆவுதுன்னு அவரு சொன்னாராம். தீர்ப்பு நகல ஜெயிலுக்கு அனுப்பிச்சாச்சி, ஒங்கண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினாரு, மேல சுப்ரீம் கோர்ட்டுக்கு வேணாம்னு எழுதியும் குடுத்தாருன்னாராம். மெய்யாடா அது? போன வருஷம் ஆடி மாசமே ஒனக்குத் தெரியுமா?

வந்து எங்கிட்டதான் சொன்னா. அழுவல. "அண்ணனுக்குத் தெரியும் நைனா"ன்னா. அவ்ளோதான்.

நான் ஒன்ன வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். அவளுக்கு எழுது.

நைனா


கடலூர்
24.8.2025

அன்புள்ள ஜோதிக்கு,

இதையாவது பிரித்துப் படி.

நைனா கேட்டது உண்மைதான். அந்த நகல் எனக்குப் போன வருடம் ஜூலை மாதமே வந்துவிட்டது. நீ விழுப்புரம் போய் வந்து எழுதிய கடிதமும் அதே வாரம் வந்தது. பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு இதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு நீ செப்டம்பரில் நேராகக் கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று முறை எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நைனா உன்னோடு பஸ் ஏறிப் போனார் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னைக் கெடுத்தது. அப்பீல் இல்லை என்று சொன்னால் வீட்டில் எல்லாமே மறுபடி படுத்துவிடும் என்று நினைத்தேன். நீ எப்படியும் படித்துவிடுவாய், படித்தது வீணாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுப்ரீம் கோர்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். இன்னும் சில வருடம்தான் பாக்கி. திரும்பவும் எல்லோரையும் காத்திருக்க வைக்க எனக்குத் திராணி இல்லை.

பி.ஏ.வை எப்படியாவது முடி. தபாலில் படிக்கலாம் என்கிறார்கள். ஒரு வருடம்தானே.

நீ திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

வின்சென்ட்


சிங்கவரம்
9.11.2025

அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை விடாமல் பெய்வதால் மல்லாட்டையைக் காய வைக்க இடமில்லாமல் நைனா வீடு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்தேன். திட்ட ஒன்றும் இல்லை. போன வருடம் செப்டம்பரில் நீ சொல்லியிருந்தால் நான் பி.ஏ. முடித்திருப்பேன். அவ்வளவுதான். இதை எழுதாமல் விட்டால் நீ வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

தபாலில் படிக்கலாம் என்கிறாய். பாடப் புத்தகத்தை எடுத்தால் நான்கு வரிக்கு மேல் போகவில்லை. மதிய சாப்பாட்டு நேரத்தில் கடையில் எல்லோரும் கொஞ்சம் கண் அசருவார்கள். நானும் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நைனாவும் வருவதாகச் சொல்கிறார். வந்தால் அவரிடம் கோர்ட் பேச்சு எடுக்காதே. சாப்பாடு, மழை, இப்படி ஏதாவது பேசு.

ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. போன வாரம் என்னோடு பி.ஏ. படித்த சுமலதாவும் வளர்மதியும் கடைக்கு வந்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டிக்கொள்ள ஒரே மாதிரி சேலை வேண்டுமாம். நான்தான் எடுத்துப் போட்டேன். பச்சையில் மெரூன் கரை. இருவருக்கும் நன்றாக இருந்தது.

"நீ இன்னாடி இங்க?" என்றாள் சுமலதா.

"தெரிஞ்சவங்க கடைடி. லீவுல சும்மா வந்து ஒக்காருவேன்" என்றேன்.

"லா எந்த வருஷம்டி இப்போ?"

நான்காவது வருடம் என்று சொல்லிவிட்டேன். கணக்குப்படி அதுதானே வரும். "ஐயோ, சீக்கிரமே முடிச்சிருவியே!" என்று வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலைகளை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த தீபாவளிக்கும் அவர்கள் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். அப்போது கடைசி வருடம் என்று சொல்லிவிடலாம். அதற்கு அடுத்த வருடம் எந்தக் கோர்ட்டில் இருக்கிறாய் என்று கேட்பார்கள்.

ஜோதி